வெளியேறும் உரிமையும் கேட்கும் உரிமையும்

நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்கக் கூட்டத்தில் சென்ற மாதம் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. ஒரே பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் வீடுகளுக்கு மின்சாரம் விற்க வழிசெய்யும் சட்டத்திருத்தத்தை வரவேற்கிறோம், அது விரைவில் கோவைக்கு வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. 36 வீடுகளில் 32 வீட்டார் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார்கள். நான் இடவில்லை. மனுவை எழுதியவர் இருபது வருடங்களாக என்னோடு புத்தகங்களைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருக்கும் நண்பர். 'உங்களை மாதிரி ஆட்கள் இன்னும் எழுபதுகளிலேயே இருக்கிறீர்கள்' என்று சொல்லிவிட்டுத் தாளை அடுத்தவர் பக்கம் நகர்த்தினார். எனக்கு அங்கே வாய் வரவில்லை. நான்கு பேர் நடுவில் சட்டென்று பதில் சொல்லும் திறமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து எழுதியதுதான் இது.

முதலில் நண்பருடைய கோபத்தில் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2008-ன் இறுதியில் தொடங்கிய மின்வெட்டுக் காலத்தைக் கோவைக்காரன் எவனும் மறக்கமாட்டான். 2012-ல் ஒரு நாளில் 14 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்திருக்கிறோம். ஜெனரேட்டர் வாங்க வசதியில்லாத வார்ப்படப் பட்டறைகளும் கணபதி, பீளமேடு பகுதிகளின் ஜாப் ஆர்டர் லேத்துகளும் ஓசையடங்கிக் கிடந்தன. தேவை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று தெரிந்திருந்தும் உற்பத்தியைப் பெருக்காமல் ஆண்டுக்கணக்கில் காலம் கடத்தியதன் விளைவு அது. 2022-ல் கட்டணத்தை உயர்த்தியபோது அரசு காட்டிய காரணம் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்ட வாரியத்தின் கடன். அந்தக் கடன் எப்படி வந்தது என்று கேட்டால் ஒவ்வொரு கட்சியும் மற்ற கட்சியின் ஆட்சிக்காலத்தைக் கைகாட்டும். அதே ஆண்டு செப்டம்பரில் அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு, அதாவது மாடிப்படி விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மின்தூக்கிக்கும், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று விலை வைத்தார்கள். அதன் பிறகும் அது ஏறியது. எங்கள் சங்கக் கூட்டங்களின் சூட்டுக்கு மூலகாரணம் அந்த ஒற்றை வரிதான்.

ஆக, வாரியத்துக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமில்லை. சொல்லப்போனால் நாம் விரும்பாமலேயே நமக்கு மின்சாரம் தருபவரின் பெயர் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 1957-ல் மாநில மின்சார வாரியமாகப் பிறந்தது, 2010-ல் மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகமாயிற்று, 2024-ல் அதுவும் பிரிந்து மின் பகிர்மானக் கழகமாகியிருக்கிறது. மக்கள் வாயில் அது எப்போதும் ஈ.பி.தான். மூன்று பெயர்களிலும் கம்பம் அதே கம்பம், கம்பி அதே கம்பி. நண்பர் கேட்கும் மாற்றத்திலும் கம்பமும் கம்பியும் அவையேதான் என்பதிலிருந்து என் மறுப்பு தொடங்குகிறது.

*

நண்பரின் முதல் வாதம் தொலைபேசி. ஒரு காலத்தில் தொலைபேசி இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம், போட்டி வந்தது, இன்று எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்கிறோம், மின்சாரத்தில் மட்டும் ஏன் கூடாது என்கிறார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கைபேசி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் சேவைக்குத் தானே பொறுப்பான ஒரு வலையமைப்பை வைத்திருந்தன. ஒன்றின் சிக்னல் மோசமென்றால் இன்னொன்றின் சிக்னலுக்குப் போகலாம். போட்டி நடந்தது அங்கே. மின்சாரத்தில் தெருவுக்கு ஐந்து கம்பிவரிசை இழுக்கமுடியாது. இழுத்தால் ஐந்து கம்பிவரிசைக்கான செலவும் நம் தலையில்தான் விழும். ஆகவே 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டு, அந்த அவையோடு காலாவதியான திருத்த மசோதாவும் சரி, 2025 அக்டோபரில் மின்துறை அமைச்சகம் கருத்துக்கேட்பதற்காக வெளியிட்ட வரைவும் சரி, இருக்கிற கம்பிகளையே பல விற்பனையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைத்தான் சொல்கின்றன.

அதன் பொருள் என்ன? மழையில் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால் நண்பருடைய புதிய நிறுவனத்தின் ஆள் வரமாட்டார். அதே லைன்மேன் அதே கம்பத்தில்தான் ஏறுவார். மின்னழுத்தம் குறைந்தால் நண்பரின் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே அளவில்தான் குறையும். மின்வெட்டு வந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் வரும். மின்பகிர்மானத்தின் செலவில் பெரும்பங்கு மின்சாரத்தை வாங்குவதற்கே போகிறது; அந்த விலை நீண்டகால ஒப்பந்தங்களிலும் நிலக்கரியின் விலையிலும் கட்டுண்டு கிடக்கிறது. மிச்சமிருப்பதில் நம்மால் தேர்ந்தெடுக்க முடிவது பில்லை அனுப்பும் கை எது என்பதை மட்டும்தான்.

இது ஊகமல்ல. இந்தியாவில் ஒரு நகரத்தில் இது நடந்திருக்கிறது. மும்பையின் புறநகர்ப் பகுதியில் ரிலையன்ஸ் விநியோகித்துக்கொண்டிருந்த வீடுகளுக்கு டாடா பவரும் மின்சாரம் விற்கலாம் என்று 2008 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையம், ரிலையன்ஸின் கம்பிகள் வழியாகவே நுகர்வோர் டாடாவுக்கு மாறிக்கொள்ள வழிசெய்தது. லட்சக்கணக்கானோர் மாறினார்கள். முதலில் லாபமும் இருந்தது. பிறகு கணக்கு விரிந்தது. கம்பி வாடகை பழைய நிறுவனத்துக்குக் கட்டவேண்டும். அதிகம் செலவழிப்பவர்கள் கிளம்பிப் போனதால் குறைவாகச் செலவழிப்பவர்களுக்குத் தந்த சலுகையில் விழுந்த ஓட்டையை அடைக்க, போனவர்கள் மீது மிகைக்கட்டணம் வந்தது. புதியவர் கொழுத்த வாடிக்கையாளர்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார் என்ற வழக்கு வலுத்து, 2012-ல் ஆணையம் தலையிட்டு, மாதம் 300 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளைத்தான் இனி இப்படிச் சேர்க்கலாம் என்று டாடாவைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. கட்டண வித்தியாசம் மாறியபோது திரும்பி வந்தவர்களும் உண்டு. 2018-ல் ரிலையன்ஸின் அந்த வணிகத்தையே அதானி வாங்கிவிட்டார். தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்ற மும்பைக்காரர், தன்னைக் கேட்காமலேயே வேறொருவரின் வாடிக்கையாளராகியும் விட்டார்.

பிரிட்டனில் இந்தச் சந்தை இன்னும் முதிர்ந்தது. அங்கே வீட்டுக்காரர் ஆண்டுதோறும் நிறுவனத்தை மாற்றிக்கொள்வது குடும்பச் சிக்கனத்தின் இலக்கணம் என்றே கருதப்பட்டது. 2021-ல் எரிவாயு விலை ஏறத் தொடங்கியபோது, சொந்தமாக ஒரு மின்நிலையமும் இல்லாமல் பில் போட்டுக்கொண்டிருந்த நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. 30-க்கு நெருக்கமான நிறுவனங்கள் மூடப்பட்டன. அவர்களின் வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்களிடம் ஒப்படைத்த செலவு, மாறியவர் மாறாதவர் என்ற பேதமில்லாமல் எல்லா வீடுகளின் பில்லிலும் ஏறியது.

*

நண்பருக்கு நான் நினைவூட்ட விரும்பும் இன்னொன்று உண்டு. கொங்கு நாட்டில் மின்சாரம் தருபவரை மாற்றிக்கொள்ளும் உரிமை ஏற்கெனவே இருக்கிறது. நமக்கு இல்லை, அவ்வளவுதான்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் அடிக்கும் காற்றைப் பல்லடம், உடுமலை, பொங்கலூர் வழியாகப் பேருந்தில் போகிறவர்கள் அறிவார்கள். அந்த வழியெங்கும் நிற்கும் காற்றாலைகளில் ஏராளமானவை நூற்பாலைகளுடையவை. காற்று அடிக்கும் மாதங்களில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் செலுத்திக் கணக்கில் வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அவர்களுக்கு நெடுங்காலம் இருந்தது. 2003-ன் மின்சாரச் சட்டம் 1 மெகாவாட்டுக்கு மேல் தேவைப்படுவோர் வெளியிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொள்ள வாசலைத் திறந்தது. பலர் சேர்ந்து 26 சதவீதப் பங்கு வைத்துக்கொண்டு, உற்பத்தியில் 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்தினால் அது சொந்த உற்பத்தியாகக் கருதப்படும். பசுமை மின்சாரத்துக்கு அந்த வாசல் 2022-ல் 100 கிலோவாட் வரை இறக்கப்பட்டது. மில்காரர்களை நான் குறை சொல்லவில்லை. மின்வெட்டுக் காலத்தில் தொழிலை மூடாமல் காத்தது பலருக்கும் அந்தக் காற்றாலைகள்தாம். ஆனால் விளைவு என்ன என்பதையும் பார்க்கவேண்டும். அதிக விலை தந்து மற்றவர்களின் சலுகையைத் தாங்கிக்கொண்டிருந்தவர்களும், அமைச்சரின் வாசல்வரை போய் உரக்கப் பேசத் தெரிந்தவர்களும் இருப்பவர்களிலேயே அவர்கள்தான். அவர்கள் தேவையின் ஒரு பகுதி கிளம்பிப் போனபோது பணத்தோடு அந்தக் குரலின் ஒரு பகுதியும் போயிற்று.

இதைச் சரியாகப் பெயரிட்டுச் சொன்னவர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர். வெளியேறுதல், குரலெழுப்புதல், விசுவாசம் ஆகிய மூன்றையும் பற்றி அவர் எழுதிய சிறிய புத்தகம் 1970-ல் வந்தது. நைஜீரியாவின் ரயில்வேயைப் பார்த்து அவருக்குத் தோன்றிய கேள்வி அது. லாரிகள் போட்டிக்கு வந்த பிறகும் ரயில்வே ஏன் திருந்தவில்லை? போட்டி வந்தால் திருந்தவேண்டுமே! அவர் கண்ட விடை எளிமையானது. தரத்தைப் பற்றி அதிகம் அக்கறைப்பட்டுக் கூச்சலிடக்கூடியவர்கள் முதலில் லாரிக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் போக்கிடமில்லாதவர்கள். அரசு முதுகில் ஏறியிருக்கும் நிறுவனம், வாடிக்கையாளர் போனதற்காக வருந்துவதில்லை; தொந்தரவு செய்பவர் போனாரென்று நிம்மதியடைகிறது.

2025 வரைவில் இதற்குப் பொருத்தமான ஓர் அம்சமும் உண்டு. 1 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நுகர்வோருக்கு, கேட்பவருக்கு மின்சாரம் கொடுத்தே தீரவேண்டும் என்ற கடமையிலிருந்து விநியோக நிறுவனத்துக்கு விலக்களிக்க ஆணையத்துக்கு அதிகாரம் தரப்படுகிறது. ஆலைகள் சுமக்கும் குறுக்கு மானியத்தை ஐந்தாண்டுகளில் நீக்கவும் அது சொல்கிறது. பெரியவர்கள் இந்த வழியில் முழுதாகக் கழன்றுகொண்ட பின், மிச்சமிருக்கும் வீடுகளிலும் கடைகளிலும் வசதியானவற்றைப் பொறுக்கிக்கொள்ளப் புதியவர்கள் வருவார்கள். எங்கள் அடுக்ககத்தின் 36 வீடுகளையும் அவர்கள் வாசல் தேடி வந்து அழைப்பார்கள், சந்தேகமில்லை. அப்போது பழைய நிறுவனத்தில் மிஞ்சுகிறவர்கள் யார்?

*

எழுபதுகளில் இருக்கிறேன் என்று நண்பர் சொன்னதற்கு வருகிறேன். எழுபதுகளில் இங்கே என்ன நடந்தது?

கொங்கு நாடு ஆற்றை நம்பிய நாடல்ல, கிணற்றை நம்பியது. காளைகள் பின்னும் முன்னும் நடக்க, தோல் சாலில் தண்ணீர் மேலேறும் முறைக்கு எங்கள் பக்கத்தில் கவலை இறைத்தல் என்று பெயர். என் தாத்தா விடியற்காலம் மூன்று மணிக்குக் கவலை பூட்டியவர். 1930களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின்நிலையம் இயங்கத் தொடங்கி அதன் மின்சாரம் கோவைக்கு இறங்கியது. ஆலைகள் பெருகின. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் மின்மோட்டாரை இங்கேயே செய்தார்கள். மெல்ல மெல்லக் கம்பி தோட்டங்களுக்கு வந்து கவலையை ஓய்வுபெறச் செய்தது. காளைக்கு ஓய்வு கொடுத்த உழவன் மின்சாரத்துக்குக் கட்டுப்பட்டவனானான். கட்டணம் ஏறினால் கிணற்றில் தண்ணீர் இருந்தும் அவனால் இறைக்கமுடியாது.

ஆகவேதான் யூனிட்டுக்குச் சில பைசா உயர்வுக்கு எதிராக நாராயணசாமி நாயுடுவின் பின்னால் அவ்வளவு பேர் திரண்டார்கள். 1970 ஜூன் 19 அன்று திருப்பூருக்குப் பக்கத்தில் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று உழவர்கள் இறந்தார்கள். 1972-ல் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகள் கோவை நகரத்துக்குள் வந்து சாலைகளில் நின்று ஊரையே அசையாமல் செய்தன. ஹிர்ஷ்மன் புத்தகம் வந்த அதே ஆண்டில் பெருமாநல்லூர் நடந்தது தற்செயல்தான். ஆனால் குரலெழுப்புதல் என்று அவர் எழுதியதன் பொருளை நம் மண்ணில் தேடினால் அந்த வண்டிகளைத்தான் காட்டமுடியும். வேறு நிறுவனத்துக்குப் போகலாம் என்ற வாய்ப்பு அவர்களுக்கு இருந்திருந்தால், வசதியான தோட்டக்காரர்கள் போயிருப்பார்கள். ஒரு ஏக்கர்க்காரன் தனியே வண்டி கட்டியிருக்கவேண்டும்.

இங்கே என் தரப்பையும் நான் விசாரித்தாகவேண்டும். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. அது அவர்கள் வென்றெடுத்தது. ஆனால் இலவசமானபின் கணக்குக் கேட்கும் வாய் மூடிக்கொண்டது என்பதும் உண்மை. மீட்டர் இல்லாத மோட்டார்கள் எவ்வளவு மின்சாரத்தை இழுக்கின்றன என்பது மதிப்பீடாகவே நின்றது. அந்த மதிப்பீட்டின் மடியில் கம்பி இழப்பையும் திருட்டையும் சேர்த்து ஒளித்துவைக்க வசதியாயிற்று. ஆழ்குழாய்கள் ஆயிரம் அடிக்குப் போயின. 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீடுகளுக்கும் இலவசமானபோது நாமும் அதே மௌனத்துக்குள் நுழைந்தோம். கேட்கும் உரிமை ஒருமுறை வென்றால் போதும், பிறகு தானாகவே உயிரோடிருக்கும் என்று நினைத்தது நம் பிழை.

அந்தப் பிழையின் விலையை 2022-ல் கொடுத்தோம். 1999-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அந்த ஆகஸ்டில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. எங்கள் அடுக்ககத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை. செப்டம்பரில் வந்த ஆணை கட்டணத்தை உயர்த்தியதோடு நிற்காமல், 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி உயர்வு தொடர வகைசெய்தது. 2023-ல் 2.18 சதவீதம், 2024-ல் 4.83 சதவீதம், 2025-ல் 3.16 சதவீதம் என்று அது வந்தது. சில ஆண்டுகளில் வீடுகளுக்கான உயர்வை அரசு ஏற்றுக்கொண்டதால் நமக்கு உறைக்கவில்லை. ஒவ்வொரு உயர்வுக்கும் முன்பு எழுந்து நின்று 'ஏன்' என்று கேட்கக் கிடைத்திருக்கவேண்டிய இடம் ஐந்தாண்டுகளுக்கு மொத்தமாக மூடப்பட்டதைப் பற்றி எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு சொல் எழவில்லை. எழுந்தது, கிளம்பிப் போகலாம் என்ற மனுதான்.

*

கடைசியாக, நான் கையெழுத்திடாததன் உண்மையான காரணம். அது நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் அடுக்ககத்தின் பின்சுவரை ஒட்டிய லைன் வீட்டில் இருக்கிறது.

ஆறு வீடுகள், ஒரு மீட்டர். ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமையாளர் தனித்தனியே ஒரு சப்மீட்டர் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் வேலைக்கு உதவும் பெண்மணி அங்கே குடியிருக்கிறார். கூட்டம் முடிந்த மறுநாள் அவரிடம் கரண்ட் பில் எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். 'பில்லெல்லாம் நாம எங்கீங்கண்ணா பாக்கறது? ஹவுஸ் ஓனர் சொல்றதுதானுங்க. யூனிட்டு ஒம்பது ரூவா' என்றார். இரண்டு மாதத்தில் 120 யூனிட் ஓடுகிறது. 1080 ரூபாய் கொடுக்கிறார். அதே 120 யூனிட் அவர் பெயரில் தனி இணைப்பில் ஓடியிருந்தால் முதல் 100 யூனிட் இலவசம். மிச்சம் 20 யூனிட்டுக்கு நூறு ரூபாயைத் தாண்டாது. வீட்டுக்காரருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆறு வீட்டுச் செலவும் ஒரே மீட்டரில் சேர்ந்தால் அது மேல்படிக் கட்டணத்தில் போய் விழுகிறது. ஆனால் அவர் தரப்பு நியாயத்தை எவ்வளவு தாராளமாக வைத்துப் பார்த்தாலும், ஓர் ஏழைக் குடும்பத்துக்காக அரசு ஒதுக்கிய சலுகை அந்தக் குடும்பத்தின் வாசலுக்கு முன்பே நின்றுவிடுகிறது என்பது மாறவில்லை.

கோவையிலும் திருப்பூரிலும் இப்படிப்பட்ட லைன் வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் பட்டறைக்கும் வந்தவர்கள் அங்கேதான் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மின்சாரம் விற்பவர் வீட்டுக்காரர். விலை அவர் சொல்வது. விசாரணை கிடையாது, ஆணையம் கிடையாது, பில் கூடக் கிடையாது. நாம் இரண்டாவது நிறுவனம் வேண்டுமென்று மனு எழுதுகிறோம். அவர்களுக்கு முதல் நிறுவனமே இன்னும் வரவில்லை. நாம் கிளம்பிப் போனால் நம்மோடு போவது நம் கட்டணமும் நம் தமிழும் நம் சட்ட அறிவும் நம் தொலைபேசித் தொடர்புகளும். மிஞ்சும் நிறுவனத்தில் அவர்களும் தோட்டத்துக் கிணறுகளும் இருப்பார்கள்.

கூரை சொந்தமாக உள்ளவர்கள் சூரியத் தகடு போட்டுக்கொள்ளட்டும். 2024-லிருந்து மத்திய அரசு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது, நல்ல காரியம். அது ஒருவகையில் பாதி வெளியேற்றம்தான் என்றாலும் அதனால் புதிய மின்சாரம் பிறக்கிறது. புதிய பில்காரரை வரவழைப்பதால் ஒரு யூனிட்டும் பிறக்காது.

நண்பருக்கு நான் ஒரு மாற்று மனுவை எழுதி வைத்திருக்கிறேன். மூன்று கோரிக்கைகள். வாடகை வீட்டில் குடியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் தன் பெயரில் மீட்டர் எளிதாகக் கிடைக்கவேண்டும். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரிலும் எவ்வளவு மின்சாரம் இறங்கியது, எவ்வளவுக்குப் பணம் வந்தது என்ற கணக்கைப் பகிர்மானக் கழகம் மக்கள் பார்க்க வெளியிடவேண்டும். கேள்வி கேட்க இடமில்லாமல் ஐந்தாண்டுக்கு ஒரேயடியாக உயர்வைத் தீர்மானிக்கும் முறை 2026-27-ஓடு முடியவேண்டும். ஒவ்வொரு உயர்வுக்கு முன்பும் கோவையில், வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில், விசாரணை நடக்கவேண்டும்.

இதுவரை இரண்டு கையெழுத்துகள் விழுந்திருக்கின்றன. ஒன்று என்னுடையது. மற்றது பின்சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. 'இதுல போட்டா மீட்டர் வந்துருங்களா?' என்று கேட்டுக்கொண்டேதான் அவர் போட்டார். வராமலும் போகலாம் என்று சொன்னேன். நண்பரின் கதவை நாளை தட்டப்போகிறேன்.